ரயிலுக்கு எழுதிய உபயம்

எங்கள் ஊரில் ஒருவர் கோயிலுக்கு ஒரு ரியூப்லைற் கொடுத்தால் அதிலிருந்து வெளிச்சம் வராது, பெயர்தான் வரும். உபயம் இன்னார் குடும்பம், இன்னாரின் ஞாபகமாக, இன்னாரின் பேரப்பிள்ளைகள் என்று இந்தத் தலையிலிருந்து அந்தத் தலைவரை சிவப்புப் பெயின்ற்றால் எழுதி, மிஞ்சுகிற விரற்கடை இடத்தால் சாமிக்கு வெளிச்சம் விழவேண்டும். இப்போது கரண்ட்டும் இல்லை. லைற் எரியாவிட்டாலும் பெயர் தொங்கிக்கொண்டுதான் இருக்கிறது. இதை முந்தி ஊரெல்லாம் பகிடியாகச் சொல்லிச் சிரித்தவள் நான். போன வெள்ளிக்கிழமையோடு அந்தச் சிரிப்பு நின்றுவிட்டது.

என் பெயர் குணலட்சுமி. கொக்குவிலில் ஸ்ரேஷனுக்குக் கிட்ட எங்கள் வீடு. ஸ்ரேஷன் என்று சும்மா சொல்லிக்கொள்கிறோம். தொண்ணூறாம் ஆண்டு ஆனி மாதத்தோடு ரயில் நின்றது. பிறகு தண்டவாளம் போனது, அதற்குக் கீழே கிடந்த சிலிப்பர் கட்டைகளும் போயின. இப்போது அந்தப் பாதையில் சனம் சைக்கிளில் போகிறது, மாடு கட்டுகிறது. என் கணவர் பஞ்சலிங்கம் யாழ்தேவியில் கார்ட்டாக இருந்தவர். வெள்ளை உடுப்பும் விசிலும் பச்சைக்கொடியுமாக அவர் நிற்கிற நிலையைப் பார்த்துத்தான் எங்கள் அப்பு என்னைக் கட்டிக்கொடுத்தார். ரயில் இல்லாத ஊரில் ரயில் கார்ட்டுக்கு என்ன வேலை? காலையில் கிணற்றடி, பிறகு வாசிகசாலை, பின்னேரம் படலையடியில் நின்று அந்த வெறும் பாதையைப் பார்ப்பது. மனிசன் பாவம்தான். அதை நான் முதலே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இனி அவரைத் திட்டப்போகிறேன்.

வேலைக்காலத்தில் அவருக்குக் கிடைத்த சிநேகிதர் ஹமீத். யாழ்ப்பாணத்தில் சோனகத் தெருவில் வீடு, பட்டினத்தில் இரும்புச் சாமான் கடை. சரக்கெடுக்கக் கொழும்புக்குப் போகும்போதெல்லாம் இவருடைய ரயிலில்தான் போவார். போகிற வழியெல்லாம் கதை, வருகிற வழியெல்லாம் கதை. ஹமீதின் தம்பி கப்பலில் வேலை செய்தவர். அவர் ஒருமுறை ஹமீதின் மகன் றஹீமுக்கு ஒரு சின்ன ரயில் கொண்டுவந்து கொடுத்தார். கரண்ட்டில் ஓடுகிற ரயில். எஞ்சின், பெட்டிகள், கடைசியில் ஒரு கார்ட் பெட்டி. அந்தப் பெட்டியின் கதவு திறந்து மூடும். அதைக் கண்டதும் என் மனிசனுக்கு விசர் பிடித்துவிட்டது.

லீவு நாளில் வீட்டில் ஒரு துரும்பைத் தூக்கி வைக்காத ஆள் ஹமீதின் மேல்மாடிக்குப் போய் வாளும் அரமுமாக நின்றார். கதவளவு பலகை ஒன்றைப் போட்டு, காங்கேசன்துறையிலிருந்து யாழ்ப்பாணம் வரையுள்ள பாதையை அதில் செய்தார்கள். நெருப்புப் பெட்டியில் ஸ்ரேஷன், பால்மா ரின்னில் சீமெந்துத் தொழிற்சாலை, மரத்தூளுக்குப் பச்சை நிறம் தோய்த்துத் தோட்டம். றஹீமுக்கு அப்போது எட்டு வயதிருக்கும். அவன் விசில் ஊதாமல் ரயில் புறப்படக்கூடாது என்பது சட்டம். ஹமீதின் மனைவி நஜ்முன்னிஸா வட்டிலப்பத்தோடு மேலே ஏறிவந்து, பிள்ளைகள் மூன்று பேரும் சாப்பிட வாருங்கள் என்று கூப்பிடுவார். நானும் அவரும் கீழே குசினியில் இருந்து சிரிப்போம். தலைக்கு மேலே அந்த ரயில் கிர்ரென்று சுற்றிக்கொண்டிருக்கும்.

அந்தத் தொண்ணூறாம் ஆண்டு ஐப்பசியில்தான் முஸ்லிம் சனத்தை யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேற்றினார்கள். இரண்டு மணித்தியாலத்துக்குள் போகச் சொல்லி ஒலிபெருக்கியில் சொன்னார்களாம். ஆர் சொன்னது என்று நான் சொல்லத் தேவையில்லை. ஆர் பார்த்துக்கொண்டு நின்றது என்றும் சொல்லத் தேவையில்லை. கேள்விப்பட்டு இவர் சைக்கிளில் விழுந்தடித்துப் போனபோது ஹமீதின் வீட்டுக் கதவு திறந்து கிடந்தது. உலையில் வைத்த சோறு இறக்காமல் கரிந்து போயிருந்ததாம். வீட்டுக்கு வந்து அதைச் சொல்லி அழுதார். நானும் அழுதேன். அழுததைத் தவிர வேறொன்றும் செய்யவில்லை.

பிறகு அந்த வீடுகளின் சாமான்கள் விலைக்கு வந்தன. கட்டில், தையல் மெசின், பிள்ளைத் தொட்டில். எங்கள் சனம் போய் வாங்கியது. மலிவாம். எங்கள் ஒழுங்கையிலேயே ஒருத்தி ஒரு அலுமாரியை ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினாள். வெட்கம் கெட்ட சனம் என்று நான் வேலிக்குக் கேட்கத்தக்கதாகப் பேசினேன். பேசி வாய் மூடவில்லை, என் வீட்டுப் படலையால் என் மனிசன் வருகிறார், கரியரில் ஒரு பெட்டி. திறந்து பார்த்தால் றஹீமின் ரயில்.

காசு கொடுத்து வாங்கினீர்களோ என்று கேட்டேன். ஓமென்று தலையை ஆட்டினார். "வேறை ஆரும் எடுத்தால் பிரிச்சு எறிஞ்சுபோடுவாங்கள். பெடியன் வரட்டும், அவன்ரை கையிலை குடுப்பம்" என்றார். கொடுப்போம் என்பது சரி. ஆனால் ஹமீதின் பிள்ளையின் சாமானை ஹமீதிடமிருந்து பறித்தவர்களிடம் போய் விலைபேசி, காசைக் கொடுத்துவிட்டு மிச்சமும் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு வந்தாரே, அந்தக் காட்சியை நினைக்க எனக்கு உள்ளங்கால்வரை கூசியது. அலுமாரி வாங்கிய ஒழுங்கைக்காரிக்கும் எங்களுக்கும் என்ன வித்தியாசம்? திருப்பிக் கொடுத்தால்தான் வித்தியாசம். அதுவரைக்கும் இது எங்களுடையதில்லை, தொடக்கூடாது என்று சொல்லி என் பழைய சேலையில் சுற்றி அலுமாரிக்கு மேலே வைத்தேன். மூன்று வருசமாக அது அங்கேதான் இருந்தது. தூசி தட்டும்போதும் நான் அதை அவிழ்க்கவில்லை.

அப்படி இருந்ததைக் கீழே இறக்க வைத்தவர் செல்வரட்ணம், எங்கள் வாசிகசாலைச் செயலாளர். ஊருக்கு நல்லது செய்யவேண்டும் என்று துடிக்கிற ஆள். அப்படிப்பட்டவர்களுக்குத்தான் பயப்பட வேண்டும். பாலர் வகுப்புப் பிள்ளை ஒன்று புத்தகத்தில் ரயில் படத்தைப் பார்த்துவிட்டு, ஏன் இத்தனை பஸ்ஸை ஒன்றாகக் கட்டியிருக்கிறது என்று கேட்டதாம். அது அவருக்குப் பெரிய மனவருத்தம். வாசிகசாலையின் பின் மண்டபத்தை ரயில் காட்சிச்சாலை ஆக்கப்போவதாகச் சொன்னார். மணி, கைவிளக்கு, ரிக்கற், படங்கள் எல்லாம் வைத்து, நடுவில் எங்கள் பாதையை மாதிரியாகச் செய்து அதில் ஒரு சின்ன ரயிலை ஓட விடுவதாம். பிள்ளைகள் பார்க்கட்டும், எங்களுக்கும் ரயில் இருந்தது என்று தெரியட்டும் என்றார். எங்கள் வீட்டில் ரயில் இருப்பது அவருக்கு எப்படித் தெரியும் என்று நான் இவரைப் பார்த்தேன். இவர் முகட்டைப் பார்த்தார்.

நான் மாட்டேன் என்றேன். அன்றைக்குப் பின்னேரம் இவர் படலையடிக்குப் போகவில்லை. கதிரையில் இருந்து, "குணம், ஒருக்கால் ஓடிப் பாத்தால் என்ன, தேயவோ போகுது?" என்று கேட்டார். அந்தக் குரலைக் கேட்டபிறகு மாட்டேன் என்று திரும்பச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சரி, ஆனால் ஒரு நிபந்தனை என்றேன். உபயம் போடுகிறதென்றால் ஹமீதின் மகன் றஹீம் என்று போடவேண்டும். நாளைக்கு அந்தப் பிள்ளை வந்து நின்றால் அவனுடைய சாமான் அவனுடைய பெயரோடு இருக்கவேண்டும். இவர் ஓம் என்றார்.

செல்வரட்ணம் ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை. மென்று விழுங்கினார். திறப்புவிழாவுக்கு இயக்கப் பொறுப்பாளர் வருவார், அந்தப் பெயரைக் கண்டால் கேள்வி வரும், கேள்வி வந்தால் வாசிகசாலையே பூட்டவேண்டி வரும் என்றார். "அக்கா, நீங்கள் சொல்லுறது நியாயம். ஆனால் நியாயத்தை இப்ப சுவரிலை எழுதேலாது." அப்படியென்றால் ஒருவருடைய பெயரும் வேண்டாம் என்றேன். அதற்கு மட்டும் உடனே ஒத்துக்கொண்டார். எனக்கும் அது போதுமென்று பட்டது. பெயரில்லாமல் கிடந்தால் திருப்பி எடுத்துக் கொடுக்கலாம்.

பிறகு வேலை தொடங்கியது. இவருக்கு இருபது வயது குறைந்துவிட்டது. புதுப் பலகை போட்டு, நெருப்புப் பெட்டி கிடைக்காத காலத்தில் பனைமட்டையைச் சீவிச் சீவி ஸ்ரேஷன்களைக் கட்டினார். கரண்ட்டுக்கு சைக்கிள். பாட்டுக் கேட்க எல்லாரும் சைக்கிள் டைனமோவில் ரேடியோவைக் கொழுவுகிறோமே, அதேபோல ரேடியோ திருத்துகிற ஒருவர் நடுவில் என்னவோ பொருத்திக் கொடுத்தார். பின் சில்லைத் தூக்கி நிறுத்திய சைக்கிளில் ஏறி மிதித்தால் ரயில் ஓடும். மெதுவாக மிதித்தால் மெதுவாக ஓடும். மிதிப்பதை விட்டால் நிற்கும்.

காட்சிக்கு வைக்க நிசமான சிலிப்பர் கட்டை ஒன்று வேண்டுமென்று செல்வரட்ணம் வீடு வீடாகக் கேட்டுப் பார்த்தார். ஒரு வீட்டிலும் இல்லையாம். பாதை நீளத்துக்குக் கிடந்த கட்டை எல்லாம் கறையான் தின்றுவிட்டதா? குண்டுவீச்சுக்கு ஒளிக்க வெட்டின எல்லார் வீட்டுப் பங்கருக்கும் மேலே அதுதான் கிடக்கிறது, செல்வரட்ணத்தின் பங்கருக்கும் சேர்த்து. எங்கள் பங்கருக்கு இல்லையென்றால் அதற்குக் காரணம் என் வாய்தான். கடைசியில் தென்னங்குற்றி ஒன்றுக்குத் தார் பூசி, சிலிப்பர் கட்டை என்று எழுதி வைத்தார்கள். அதைப் பார்த்து நான் விழுந்து விழுந்து சிரித்தேன். சிரிப்பதற்கு அதுதான் கடைசி.

வெள்ளிக்கிழமை காலை நான் மண்டபத்துக்குள் போனபோது பெயின்ற் மணந்தது. பலகையின் முன்விளிம்பில், ஒரு முனையிலிருந்து மறுமுனைவரைக்கும், கோயில் எழுத்தில், சிவப்பில்: உபயம், திரு திருமதி பஞ்சலிங்கம் குடும்பத்தினர், கொக்குவில். பக்கத்தில் மார்க்கண்டு தூரிகையைத் துடைத்துக்கொண்டு நின்றார். ஊரில் கோயில் உபயம் முழுவதும் எழுதுகிறவர் அவர்தான். பெயர் வேண்டாம் என்று அவருக்கு ஒருவரும் சொல்லவில்லையாம். சொல்லியிருந்தாலும் நம்பியிருக்க மாட்டார். ஒரு மனிசர் இவ்வளவு பெரிய சாமானைக் கொடுத்துவிட்டுப் பெயர் போடாதே என்பாரா? எழுதாமல் விட்டால் எங்களுக்கு அவமரியாதை என்று விடியவே வந்து, தன் செலவில், வடிவாக எழுதிக் கொடுத்திருக்கிறார். அந்த மனிசனைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை.

செல்வரட்ணத்தைப் பிடித்தேன். பின்னேரம் அழிப்போம் அக்கா, இப்போது ஆட்கள் வந்துவிட்டார்கள் என்று கெஞ்சினார். இவரைப் பார்த்தேன். சைக்கிளில் ஏறியிருந்தார். வெள்ளை உடுப்புப் போட்டிருந்தார், எங்கே எடுத்தாரோ தெரியாது. அந்தப் பெயரை அவர் கண்டுவிட்டார். கண்டதும் முகத்தில் வந்தது கோபமில்லை. அது எனக்கு நன்றாகத் தெரிந்தது. "நீர் இப்ப ஒண்டும் கதையாதையும்" என்றார்.

பொறுப்பாளர் வந்தார், நாடா வெட்டினார், போனார். எழுத்தை அவர் பார்க்கவே இல்லை. ஆனால் செல்வரட்ணம் பேசினார். கிடைத்தற்கரிய இந்தப் பொருளை ஊருக்கு உவந்தளித்த குடும்பம் என்றார். குத்துவிளக்கில் ஒரு திரியை ஏற்ற என்னைக் கூப்பிட்டார்கள். ஊர் முழுக்கக் கைதட்டுகிறது, என் கையில் நெருப்பைத் தந்துவிட்டார்கள். ஏற்றினேன். அந்த இடத்தில் நிலம் பிளந்து என்னை விழுங்கியிருக்கலாம்.

பிறகு இவர் மிதித்தார், ரயில் ஓடியது. பிள்ளைகள் ஓவென்று கத்தினார்கள். தாய்மார் சேலைத்தலைப்பால் கண்ணைத் துடைத்தார்கள். இவர் மல்லாகம், சுன்னாகம், இணுவில் என்று சொல்லிக்கொண்டு மிதித்தார். அவர் முகத்தைப் பார்க்க எனக்கு ஆசையாகவும் இருந்தது, பார்க்கவும் முடியவில்லை.

மத்தியானத்துக்குக் கொஞ்சம் முன்னம் லூர்த்தம்மா வந்தார். ஹமீதின் வீட்டுக்குப் பின்வளவுக்காரி. கோட்டைச் சண்டையில் வீடு உடைந்து, இப்போது கொக்குவிலில் சொந்தக்காரர் வீட்டில் இருக்கிறார். இரண்டு கண்ணிலும் வெள்ளை படர்ந்து, ஆளை ஆளாகத் தெரியாது, நிழலாகத்தான் தெரியும். ஒப்பரேஷனுக்குக் கொழும்புக்குப் போக அவருக்கு இயக்கத்தின் பாஸ் கிடைத்திருந்தது. வாசலில் நின்று தலையைச் சரித்துக் கேட்டார். கேட்டுக்கொண்டே கூட்டத்துக்குள்ளால் நேரே பலகையடிக்கு வந்துவிட்டார்.

"தங்கச்சி, உது றஹீமின்ரை றெயினெல்லோ? சத்தத்திலை பிடிச்சிட்டன். எத்தினை நாள் என்ரை குசினிக்குள்ளை இருந்து கேட்ட சத்தம்."

நான் ஓம் என்றேன். என் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டார்.

"உங்களிட்டைக் குடுத்திட்டுப் போனவையோ? நல்லதாய்ப் போச்சு. நல்ல மனிசரிட்டைத்தான் குடுத்திருக்கினம். மற்றச் சாமானெல்லாம் என்ன கதியாப் போச்சுதெண்டு எல்லாருக்கும் தெரியும்தானே."

எல்லாருக்கும் தெரியும்தான். அலுமாரிக்காரி என் முதுகுக்குப் பின்னால்தான் நின்றாள். இவர் கொஞ்சம் வேகமாக மிதிக்கத் தொடங்கினார்.

லூர்த்தம்மா குனிந்து விளிம்பைப் பார்த்தார். என்னவோ எழுதியிருக்கிறது, சிவப்பாக மட்டும் தெரிகிறது, பிள்ளையின் பெயரோ என்று கேட்டார்.

"ஓம் அக்கா" என்றார் என் மனிசன், சைக்கிளில் இருந்தபடியே. "றஹீமின்ரை பேர்தான்."

இத்தனை காலமும் வாய் தவறிக்கூட ஒரு பொய் சொல்லி நான் கேட்காத ஆள். லூர்த்தம்மாவின் முகம் மலர்ந்துபோனது. பிள்ளையின் கன்னத்தைத் தடவுகிற மாதிரி அந்த எழுத்தில் விரலை வைத்து, மெல்ல மெல்லத் தடவிக்கொண்டு போனார். விரல் போகிறது, போகிறது, எழுத்து முடியவில்லை.

"றஹீம் எண்டது சின்னப் பேரெல்லோ, தங்கச்சி? இது முடியுதில்லையே."

தகப்பனின் பெயரையும் சேர்த்துப் போட்டிருக்கிறோம் என்றார் செல்வரட்ணம். அவர் இதை எவ்வளவு சுளுவாகச் சொன்னார் என்பதை நினைக்க இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. லூர்த்தம்மா நம்பினார். தன் மகள் சிலாபத்தில் இருக்கிறாள், ஒப்பரேஷன் முடிய அங்கே போய், அப்படியே புத்தளத்துக்குப் போய் ஹமீதின் குடும்பத்தைப் பார்க்கப்போகிறேன் என்றார். அகதி முகாமில் கிடுகுக் கொட்டிலில் இருக்கிறார்களாம். நஜ்முன்னிஸா ஒருவரோடும் கதைப்பதில்லையாம்.

"போய்ச் சொல்லுவன் அவளுக்கு. கொக்குவில் சனம் உன்ரை மோன்ரை பேரை எழுதி, அவன்ரை றெயினை வடிவாய் ஓடவிட்டு வைச்சிருக்குதுகள் எண்டு. அதைக் கேட்டால் அவள் கொஞ்சம் தேறுவள்."

அந்தக் கொட்டிலுக்குள் போய் இந்த மனிசி இதைச் சொல்லும். நஜ்முன்னிஸா நம்புவார். எங்களை வாழ்த்துவார். நான் இங்கே விளக்கேற்றிவிட்டு அந்த வாழ்த்தையும் வாங்கவேண்டும்.

"லூர்த்தம்மா அக்கா, அது றஹீமின்ரை பேரில்லை" என்றேன். "எங்கடை பேர்." பிறகு முழுவதையும் வாசித்தேன். உபயம், திரு, திருமதி, பஞ்சலிங்கம், குடும்பத்தினர். எல்லாருக்கும் கேட்கத்தக்கதாகத்தான் வாசித்தேன். என் குரலை நானே அடையாளம் காணவில்லை.

லூர்த்தம்மா எங்களைக் காப்பாற்றப் பார்த்தார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. "அதுக்கென்ன, உங்களிட்டைத் தந்திட்டுப் போனவை எண்டபடியால்..." என்று தொடங்கினார்.

"தந்திட்டுப் போகேல்லை, அக்கா. வாங்கினது."

"வாங்கினதோ?"

"ஓம். மற்றச் சனம் வாங்கின இடத்திலைதான்."

பின்னால் சைக்கிள் சில்லு சுற்றுகிற சத்தம் குறைந்து குறைந்து நின்றது. ரயில் கொக்குவில் ஸ்ரேஷனுக்குக் கொஞ்சம் முன்னால் நின்றுவிட்டது. றஹீம் வந்தால் கொடுக்கத்தான் வைத்திருக்கிறோம் என்று சொல்ல எனக்கு வாய்வரை வந்தது. பெயர் எழுதி வைத்திருக்கிற சாமானை ஆர் கொடுப்பார்? நானே நம்பாததை அந்த மனிசியிடம் சொல்ல முடியவில்லை. இவர் சைக்கிளை விட்டு இறங்கவில்லை, தலையை நிமிர்த்தவும் இல்லை.

லூர்த்தம்மா என் கையை விட்டார். கோபமாக விடவில்லை, மெதுவாகத்தான் விட்டார்.

"அப்ப நான் புத்தளத்துக்குப் போகேல்லை, தங்கச்சி. போனால் அவள் எங்கடை ஊரைப் பற்றிக் கேப்பாள். நான் என்னத்தைச் சொல்லுறது?"

மார்க்கண்டு பெயின்ற்றில் என்ன எண்ணெயைக் கலந்தாரோ, அது காய்ந்திருக்கவில்லை. லூர்த்தம்மாவின் விரல் சிவப்பாக இருந்தது. அது பிசுபிசுத்தது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும், துடைக்க ஏதும் துணி இருக்கிறதா என்று கேட்டார். நான் என் சேலைத்தலைப்பை எடுத்து அவர் கையில் வைத்தேன். வேண்டாம் என்று தன் சேலையிலேயே துடைத்துக்கொண்டு வெளியே போனார்.